ஓட்டம் பார்த்து வெட்டு

தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் உனக்கு ஒரு வேலை. வீட்டில் கிடக்கிற பழைய பத்திரிகையில் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழி. அடிமட்டம் வைத்தாற்போல நேராக வரும். இனி அதே தாளை இடமிருந்து வலமாகக் கிழித்துப் பார். எவ்வளவு கவனமாக இழுத்தாலும் தன்பாட்டில் கோணிக்கொண்டு போகும். உன் கையில் பிழை இல்லை. ஆலையில் கடதாசி ஓடி வரும்போதே அதற்குள் இருக்கிற நார்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் பார்த்துப் படுத்துவிடுகின்றன. அந்தப் பக்கத்தைத்தான் நான் ஓட்டம் என்கிறேன்.

போனில் நீ அழாக்குறையாகச் சொன்னாய். லீவு விட்டு ஒரு கிழமை ஆகிறது, இரண்டு பிள்ளைகளும் போனும் கையுமாகக் கிடக்குதுகள், சரி என்று வீடியோ பார்த்துக் கைவேலை தொடங்கினால் பிறிஸ்டல் போட்டில் மடித்த பெட்டி வெடித்துப்போச்சு, கிரேப் கடதாசிப் பூ தொங்கிப்போச்சு, துணிப்பையின் பிடி இழுபட்டு நீண்டுபோச்சு என்று. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். வெட்டுமுன் ஓட்டம் பார்க்கவில்லை. வீடியோவில் அதைச் சொல்ல மாட்டார்கள். மூன்று நிமிடத்துக்குள் பூ மலர வேண்டுமே.

பெட்டியை முதலில் பார்ப்போம். பிறிஸ்டல் போட்டை இரண்டு கையிலும் பிடித்து, மடிக்காமல் மெல்ல வளை. பிறகு அட்டையைத் திருப்பி மற்றப் பக்கமாக வளை. எந்தப் பக்கம் சொன்னபடி வளைகிறதோ அந்த வளைவின் நீளவாக்கில்தான் ஓட்டம் போகிறது. பென்சிலால் மூலையில் சின்ன அம்புக்குறி போட்டுக்கொள். நீளமான மடிப்புகள் அந்த அம்புக்குறியோடு போகட்டும். பெட்டிக்கு நான்கு பக்கமும் மடிக்கத்தானே வேண்டும் என்று கேட்பாய். ஓட்டத்துக்குக் குறுக்கே வருகிற மடிப்பை மட்டும் மை முடிந்த பேனையால், அடிமட்டம் வைத்து, இரண்டு தரம் அழுத்திக் கீறிவிட்டு மடி. வெடிக்காது. மை முடிந்த பேனையை இனி எறியாதே. இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை.

பிள்ளைகளுக்கு நீ பெட்டியில் தொடங்கியதே அவசரம். கடலைச் சுருளில் தொடங்கு. காலி முகத்திடலில் கடலை வாங்கினால் பழைய கொப்பித் தாளில் சுருட்டித் தருவார்களே, அதுதான். சின்ன வயதில் நமக்குக் கடலையைவிட அந்தத் தாளில்தான் ஆசை. யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு, சிவப்பு மையில் பெரிய பிழை போட்டிருக்கும். நீ சத்தமாக வாசித்து அப்பாவிடம் பேச்சு வாங்குவாய்.

சதுரத் தாள் ஒன்றைக் குறுக்கே மடித்துக் கிழித்து முக்கோணமாக்கு. நீண்ட விளிம்பு உனக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், முனை உன்னைப் பார்க்கட்டும். வலது மூலையை உள்ளே சுருட்டி உன் பக்கத்து முனையோடு பொருத்து. இடது மூலையை அதைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் அதே முனையில் சேர். மூன்று முனையும் ஒன்றாக வந்த இடத்தை உள்ளே ஒரு மடிப்பு மடித்தால் முடிந்தது. பசையும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை பத்துச் சுருளில் கைபழகிவிடும். பத்தையும் நூலில் கோத்து வாசலில் தலைகீழாகக் கட்டினால் அது தோரணம். பின்னேரம் கடலை அவித்துத் தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்து இன்னொரு சுருளில் கொடு. தான் செய்த பாத்திரத்தில் தான் சாப்பிடுகிற பிள்ளை அடுத்த நாள் தானாகவே தாள் கேட்டு வரும்.

தாளுக்குப் புதுக் கொப்பியைக் கிழிக்க விடாதே. 2022 மார்ச் நினைவிருக்கிறதா? கடதாசி இல்லை என்று மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அந்த வருசத்திலிருந்து நான் ஒரு பக்கம் எழுதிய தாள், காலண்டர்த் தாள், பிஸ்கட் பெட்டி அட்டை எதையும் விடுவதில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அத்தான் அதைக் குப்பை என்பார். தன் பைல் கிழிந்தபோது அட்டை தேடி அங்கேதான் வந்தார்.

பசையும் வீட்டிலேயே காய்ச்சலாம். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரை. ஒரு கப் கொதிநீரை ஊற்றிக்கொண்டே கிண்டி, சின்ன நெருப்பில் வை. பால் வெள்ளை போய்க் கொஞ்சம் கண்ணாடி மாதிரித் தெளியத் தொடங்கும், அப்போது இறக்கு. ஆறினால் இன்னும் இறுகும், ஆகவே அடுப்பில் இருக்கும்போது 'தண்ணியாக இருக்கே' என்று மேலும் மா போடாதே. சிங்களத்தில் பாப்ப என்பார்களே, அது இதுதான். கொழும்புச் சூட்டில் இரண்டாம் நாள் மணக்கும்; பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். பூச்சி வராமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் துருசு போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் விரலை வாயில் வைக்கிற வீட்டில் துருசு வேண்டவே வேண்டாம், கொஞ்சமாகக் காய்ச்சி முடித்துவிடு. ஒட்டியதைக் காயவைக்க சோற்றுப் பார்சல் சுற்றி வருகிற லஞ்ச் சீட்டைக் கழுவி எடுத்துக்கொள். ஒட்டிய வேலையை இரண்டு லஞ்ச் சீட்டுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடு. பசை அதில் ஒட்டாது, கடல் காற்றுக்குக் கடதாசி சுருளவும் செய்யாது. மழைக்காலம் என்றால் இரண்டு இரவு.

இனி வெசாக் கூடு. உன் மூத்தவன் கேட்டான் என்றாயே. கட்டாயம் செய்யுங்கள். எங்கள் பக்கம் இசிபதனாராமய விகாரையைச் சுற்றி மே மாதப் பௌர்ணமிக்கு வீதி முழுக்கக் கூடு தொங்கும். நமக்கு முதல் கூடு கட்டச் சொல்லித் தந்ததும் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சிதானே. அவர் மூங்கிலைச் சீவித் தருவார், நாம் தேங்காய் ஈர்க்குக் கொண்டுபோவோம். அவர் சொல்லித் தந்த எட்டுப் பட்டைக் கூட்டின் கணக்கு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: குச்சி 24, சதுரம் 6, முக்கோணம் 8.

தடித்த ஈர்க்காகப் பார்த்து, 15 சென்றிமீற்றரில் 24 துண்டு வெட்டு. ஒன்றுகூடக் கூடிக் குறையக்கூடாது. ஒரு குச்சியை அளந்து எடுத்து மற்றதையெல்லாம் அதோடு வைத்தே வெட்டு, ஒவ்வொன்றாக அடிமட்டத்தில் அளக்காதே. நாலு குச்சியை நூலால் கட்டி ஒரு சதுரம், இப்படி ஆறு. இனி நாலு சதுரத்தை மூலை கீழே இருக்கும்படி, டயமன் மாதிரி நிறுத்தி, பக்கத்து மூலைகளைக் கட்டிக்கொண்டு வட்டமாக வா. இந்த இடத்தில் எல்லாம் சரிந்து மடியில் விழும். பிள்ளை 'சரிவராது அம்மா' என்று எழும்பப் பார்க்கும். எழும்ப விடாதே, இன்னும் ஐந்து நிமிடம்தான். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நாலு மூலையையும் ஐந்தாவது சதுரத்தின் நாலு மூலையோடு கட்டு. கூட்டைக் கவிழ்த்து, ஆறாவதை அடியில் அப்படியே கட்டு. கடைசி முடிச்சு விழுந்ததும் அவ்வளவு நேரம் சரிந்து சரிந்து விழுந்தது சட்டென்று உருவத்துக்கு வரும். சதுரங்களுக்கு நடுவே தானாக எட்டு முக்கோணம் வந்திருக்கும். அவற்றுக்கென்று ஒரு குச்சிகூட வெட்டியிருக்க மாட்டாய். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. மூத்தவனிடமே எண்ணிப் பார்க்கச் சொல். கேத்திர கணிதம் படிக்கும்போது கை அதை நினைவு வைத்திருக்கும்.

டிஷ்யூ கடதாசியைச் சட்டத்தைவிட ஒரு சென்றிமீற்றர் கூட்டி வெட்டு. பசையைக் குச்சியில் பூசு, கடதாசியில் பூசாதே. பூசினால் கையோடு வந்துவிடும். மேல் சதுரத்தை மூடாமல் விடு. நன்றாகக் காய்ந்தபிறகு, சுருக்கம் இருந்தால் கையை நனைத்துத் தூரத்திலிருந்து மெல்லத் தெளித்துவிடு. காயும்போது கடதாசி தானே இழுத்து முரசுத்தோல் மாதிரி இறுகும். ஆனால் மலிவான டிஷ்யூவில் சாயம் கரையும். முதலில் ஒரு துண்டில் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் உன் வெள்ளைச் சுவர் வெசாக் கொண்டாடும். வால்களை வெட்டும்போது ஓட்டத்தின் நீளவாக்கில் வெட்டு, நேராகத் தொங்கும். குறுக்கே வெட்டிய வால் அரை நாளில் சுருண்டு மேலே ஏறும்.

உள்ளே மெழுகுதிரி வேண்டாம். நம் கூடு பல்கனியில் பிடித்து எரிந்து, அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தது உனக்கு மறந்திருக்கும், உனக்கு அப்போது நாலு வயது. கொடித்துணி இரண்டும் சேர்ந்து போனது. பற்றரி போடுகிற சின்ன எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைத் தொங்கவிடு. நத்தாருக்கு உங்கள் பக்கம் வீடு வீடாகத் தொங்குகிற வெள்ளிக் கூடும் இதே வித்தைதான்: ஐந்து குச்சி நட்சத்திரம் இரண்டு, நடுவே உட்பக்க மூலைகளில் ஐந்து கட்டைக் குச்சி. இதைக் கட்டிய கைக்கு அது அரை மணி வேலை.

தொங்கிப்போன பூவுக்கு வருகிறேன். கிரேப் கடதாசியில் ஓட்டத்தைத் தேடவே வேண்டாம், சுருக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. சுருக்கத்துக்குக் குறுக்கே இழுத்தால் நீளும், சுருக்கத்தோடு இழுத்தால் நீளாது. இதழின் அடியிலிருந்து நுனிவரை சுருக்கம் நிமிர்ந்து போகும்படி வெட்டினால் இதழ் தன்னைத் தானே தாங்கும். நீ படுக்கைவாக்கில் வெட்டியிருப்பாய், அதுதான் சோர்ந்துவிட்டது.

றோசாப்பூ செய்யாதே, எல்லோரும் செய்கிறார்கள். பூவரசம்பூ செய். மஞ்சள் கிரேப்பில் 6 சென்றிமீற்றர் உயரம், 5 அகலம், மேலே விரிந்து கீழே ஒடுங்கிய ஐந்து இதழ். இரண்டு பெருவிரலாலும் இதழின் நடுவைப் பிடித்து வெளியே மெல்லத் தள்ளு. உள்ளங்கை மாதிரிக் குழியும். அடியில் கருஞ்சிவப்புக் கலர்ப் பென்சிலால் ஒரு திட்டு. மஞ்சள் கீற்று ஒன்றை ஈர்க்கு நுனியில் சுருட்டி நடுத்தண்டாக்கு. இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, காற்றாடி போலச் சுற்றி வைத்து நூலால் இறுக்கு. தண்டுக்குச் சுற்றுகிற பச்சைக் கீற்றை மட்டும் சுருக்கத்துக்குக் குறுக்காக வெட்டு. அப்போதுதான் இழுத்து இழுத்துச் சுற்றலாம், பசை தொட்டதும் ஈர்க்கைக் கவ்விக்கொள்ளும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், வாடும்போது செம்மை. ஆகவே சின்னவள் மஞ்சளில் ஒன்று, செம்மஞ்சளில் ஒன்று செய்து ஒரே கொப்பில் கட்டட்டும். பூக்கடைக்காரர்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்.

இந்தப் பூவை நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நவம்பர் 11ஆம் திகதி இங்கே பொப்பிப் பூ விற்பார்கள், சேர்கிற காசில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களுக்குப் போகும். நம் நாட்டுப் பழைய படைவீரர்களுக்கு என்ன என்று கேட்டு 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் போட்டியாகச் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்பது நம் பூவரசம்பூதான். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை, இலங்கைப் பிள்ளைகளைப் பொப்பி வாங்க வைப்பது என்ன நியாயம் என்று சிலோன் டெய்லி நியூஸில் எழுதினார். தென் கொழும்பு இளைஞர் கழகம் அந்த இயக்கத்தைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்திலும் நின்றது அதே இளைஞர்கள்தான், அவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவின் பெயர் அங்கேதான் தொழிலாளர் நடுவே பரவியது. ஆலையில் மலையாளிகள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். சிங்களத்தில் ரெதி மோல என்று சொல்வார்களே, அந்த ஆலை. அது நின்ற காணியில்தான் இன்றைக்கு ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடி நிற்கிறது. என் பல்கனியிலிருந்து பார்த்தால் அந்த உச்சி தெரியும். ஒரு காலத்தில் தறி ஓடிய இடம் என்பது அதன் கீழே மோலுக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பூவைச் செய்துகொண்டே நீ சொல்.

தறி என்றதும் துணிக்கு வந்துவிட்டோம். துணியில் கரை இருக்கும், நெய்யும்போதே இறுகிய விளிம்பு. கரையோடு இழுத்தால் துணி கொடுக்காது. கரைக்குக் குறுக்கே கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் றப்பர். உன் பையின் பிடி நீண்டது அந்த மூலைவாக்கில் வெட்டியதால். வெட்டுத்துண்டில் கரை இருக்காது. அப்போது இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, குறைவாக நீளுகிற பக்கத்தில் பிடியை வெட்டு.

துணிப்பை இனி ஆடம்பரம் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பிடி வைத்த பொலித்தீன் பையைச் சும்மா தரக்கூடாது, விலை போட்டுத்தான் தரலாம். வெள்ளவத்தை மாக்கெட்டுக்கு நான் கொண்டுபோகிற பைகள் எல்லாம் அத்தானின் பழைய சாரங்கள். சாரத்தை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் வெளிச்சத்தைக் கூட விடும். அந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டினால் ஒரு சாரத்தில் தாராளமாக இரண்டு பை. உடல் 40 சென்றிமீற்றர் அகலம், 45 உயரம், மேலே மடிக்க இன்னும் 5 விடு. பிடி 60 நீளம், 8 அகலம். அதை நாலாக மடித்துத் தைத்தால் 2 சென்றிமீற்றர் பட்டி வரும்.

பக்கத் தையலில்தான் பை கிழியும். நம் அம்மா தைத்த மாதிரி இரட்டைத் தையல் போடு. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து அரைச் சென்றிமீற்றரில் ஒரு தையல். பிசிறைக் கத்தரித்துவிட்டு உள்ளே வெளியே திருப்பி, ஒரு சென்றிமீற்றரில் இன்னொரு தையல். பிசிறெல்லாம் நடுவே சிறைப்பட்டுவிடும். பிடியைப் பையோடு வைத்து ஒரு சதுரம் தை, சதுரத்துக்குள் பெருக்கல் அடையாளம் போல இரண்டு கோடு தை. பிறகு ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார். நிற்கும். சிங்கர் 1877இல் கொழும்பில் கடை போட்ட நாளிலிருந்து இந்த ஊரில் எத்தனை மெஷின் விற்றிருக்கும்! உங்கள் வீட்டில் இருக்கிற ஒன்றுக்கு மேலே பூச்சாடி வைத்திருக்கிறாய். இறக்கி எண்ணெய் போடு.

மெஷின் தொடக்கூடாத பிள்ளைகளுக்குப் பழைய ரீசேட் போதும். இரண்டு கையையும் கழுத்தையும் வெட்டி எடு. அடியில் எட்டுச் சென்றிமீற்றர் உயரத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, முன் கீற்றையும் பின் கீற்றையும் இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டு போ. பந்து, கொப்பி, மாம்பழம் எது போட்டாலும் தாங்கும்.

ஊசி பிடிக்கப் பழக்க, வெங்காயம் வருகிற வலைப்பையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொடு. மொட்டை ஊசியும் கம்பளி நூலும் போதும். ஓட்டை கண்ணுக்குத் தெரிவதால் ஆறு வயதில் ஓட்டுத் தையல் வந்துவிடும். அதன்பிறகே துணி. ஓட்டுத் தையலும் கம்பளித் தையலும் வந்தால் காலுறைப் பொம்மை செய்யலாம். உள்ளே வெட்டுத்துண்டை அடைக்காதே, கல்லுக்கட்டி மாதிரிக் கனக்கும். இலவம்பஞ்சு வாங்கு, ஆனால் அதைப் பல்கனியில் வைத்து அடை, மூக்கெல்லாம் ஏறும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதானால் கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், பிடுங்கி விழுங்கும். கறுப்பு நூலால் தைத்துவிடு. பொம்மை எப்படியிருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையென்றால் பிள்ளைகளைக் காலி வீதியில் இருக்கிற பெயார்பூட் கடைக்கு ஒரு தரம் கூட்டிப்போ. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கியது. கைத்தறித் துணியில் செய்த பொம்மைகள் அடுக்கியிருக்கும், ஒன்றின் நிறம் ஒன்றில் இருக்காது. விலையைப் பார்த்துவிட்டு நீயே வீட்டில் செய்யலாம் என்று முடிவெடுப்பாய்.

சட்டி பிடிக்கிற துணி தைப்பதானால் ஒரு எச்சரிக்கை. துணியில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. கடதாசி எரிகிற மணமும் சாம்பலும் வந்தால் பருத்தி, தை. உருகிக் குண்டுமணி மாதிரி உருண்டால் பொலியெஸ்டர், கை வெந்துபோகும்.

அம்மாவை மறந்துவிடாதே. கண் மங்கிவிட்டது, ஊசி கோக்க முடியாது என்று அவர் ஒதுங்கிவிடுகிறார். காலண்டர்த் தாளில் அடி 2 சென்றிமீற்றர், நீளம் 25 என்று ஒடுங்கிய முக்கோணங்கள் வெட்டிக் கொடு. அகன்ற பக்கத்தில் தொடங்கி ஈர்க்கில் சுருட்டி, நுனிக்குப் பசை தொட்டு உருவினால் மணி. கீற்றின் நீளம் ஓட்டத்துக்குக் குறுக்கே வரும்படி வெட்டு, அப்போதுதான் தாள் முரண்டு பிடிக்காமல் சுருளும். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு. அம்மா நாடகம் பார்த்துக்கொண்டே ஒரு மாலைக்கு வேண்டியதைச் சுருட்டிவிடுவார். விரலுக்குக் கண் வேண்டாம். போன மாதம் என்னிடம் இருந்த மூன்று நாளில் இரண்டு மாலை செய்தார். ஒன்றை மருத்துவமனைத் தாதிப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார், எனக்குத் தரவில்லை.

சாமான் எங்கே என்று கேட்பாய். உனக்குப் புறக்கோட்டை கிட்ட. நான் 120 பஸ்ஸிலோ 138இலோ ஏறி வரவேண்டும். கடதாசி, றிபன், நூல் எல்லாம் கெய்சர் வீதிப் பக்கம் மொத்த விலையில் கிடைக்கும். பாதையோரத்தில் முதலில் கண்ட கடையில் வாங்காதே, நாலு கடை ஏறி இறங்கு. துணிக்குக் காசே வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கைகளில் சட்டை தைக்கிற அக்காமார் இருக்கிறார்கள். மாலையில் பெருக்குகிற நேரம் போய் வெட்டுத்துண்டு கேள். ஒரு சாக்கு தருவார்கள். அடுத்த தரம் போகும்போது அதில் செய்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடு. பிறகு பட்டுத் துண்டும் எடுத்து வைத்திருப்பார்கள்.

ஒரு கோபத்தையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கைவேலை ஒப்படை கேட்டார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் கடையில் வாங்கியதையோ தாய்மார் இரவிரவாக விழித்திருந்து செய்ததையோ கொண்டுபோனார்கள். புள்ளியும் அவற்றுக்கே. தானே ஒட்டிய கோணல் கூட்டைக் கொண்டுபோன பிள்ளைக்குப் பத்துக்கு நாலு. அந்தப் பிள்ளை என் வீட்டுப் பிள்ளை. அதற்குப் பிறகு இரண்டு வருசம் கத்தரிக்கோலைத் தொடவில்லை. நீ அப்படிச் செய்யாதே. பிள்ளை வெட்டியதை, அது தூங்கியபிறகு, எடுத்து நேராக்கி வைக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது. எனக்குத் தெரியும், என் பள்ளிக்கூட ஒப்படையையே நேராக்கியவள் நீ.

சனிக்கிழமை பிள்ளைகளோடு இங்கே வா. ஈர்க்கு சீவி, 24 எண்ணி வைத்திருக்கிறேன், பசையும் காலையில் காய்ச்சிவிடுவேன். உன் மனுசனின் பழைய சாரம் ஒன்று எடுத்து வா, நைந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. கூர்க் கத்தரிக்கோல் வேண்டாம், என்னிடம் பிள்ளைகளுக்கு மொட்டை முனையில் இரண்டு இருக்கிறது.